துளைச்சேற்றுக்கு எந்த மண்: பேராக் கயோலினா, இறக்குமதி பென்டோனைட்டா?

கோலாலம்பூரில் பைலிங் (கட்டட அடித்தளத் தூண்களுக்குத் துளை போடும்) குத்தகை எடுக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது இது: தாப்பா, பீடோர் பக்கம் வெள்ளைக் களிமண் கொட்டிக் கிடக்க, துளைச்சுவர் சரியாமல் காக்கும் சேற்றைக் கலக்க, குஜராத் கட்ச்சிலிருந்து பென்டோனைட் என்ற களிமண்ணைக் கப்பலேற்றி வரவேண்டுமா?

வேண்டும். பேராக்கில் கிடைப்பது கயோலின். பீங்கானுக்கும் காகிதத்துக்கும் அருமையான மண்தான், ஆனால் அதன் அடுக்குகளுக்குள் தண்ணீர் புகாது. அளவுக் குழாயில் 100 மி.லி. தண்ணீர் ஊற்றி, 2 கிராம் தூளைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிப் பாருங்கள். கயோலின் அடியில் போய் அடங்கிவிடும். நல்ல சோடியம் பென்டோனைட் இறங்கும்போதே பஞ்சாய் விரிந்து, மறுநாள் 24 மி.லி. கோட்டைத் தாண்டி நிற்கும். துளைச்சுவரில் மெல்லிய தோலாகப் படிந்து மண் சரியாமல் பிடிப்பது இந்த விரிவுதான். கோலாலம்பூரின் வெள்ளநீரும் வாகனங்களும் போகும் ஸ்மார்ட் சுரங்கத்தைக் குடைந்த இயந்திரங்களும் பென்டோனைட் சேற்றை நம்பித்தான் இறங்கின.

உண்மையான போட்டி பென்டோனைட்டுக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவின் வயோமிங் மண் இயற்கையிலேயே சோடியம் வகை. கால்சியம் வகை மண்ணோ அதிகம் விரியாது. சோடா ஆஷை (சோடியம் கார்பனேட்) சேர்த்துப் பிசைந்து சோடியமாக மாற்றுவார்கள். துளைச்சேற்றுப் பொருள்களுக்கான அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 13ஏ தரப்படி இரண்டுக்கும் ஒரே சோதனை: 350 மி.லி. தண்ணீரில் 22.5 கிராம். சேற்றின் பாகுத்தன்மையை அளக்கும் பாகுமானி, நிமிடத்துக்கு 600 சுழற்சியில், 30க்குக் குறையக்கூடாது. அரை மணி நேர அழுத்தத்தில் கசியும் நீர், அதிலுள்ள ‘பென்டோனைட்’ தரத்தில் 15 மி.லி., சற்றுத் தளர்வான ‘ஓசிஎம்ஏ’ தரத்தில் 16 மி.லி.க்கு மேல் போகக்கூடாது. ஆழம் குறைந்த பைலுக்கு ஓசிஎம்ஏ மண் போதும். அதற்கு மேல் செலவழிப்பது வீண். ஆழ்துளைக்கு நான் இயற்கைச் சோடியத்தைத்தான் எடுப்பேன்.

ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: சேற்றைக் கெட்டியாக்கும் பாலிமர் கலந்திருக்கிறதா? சுமாரான மண்ணும் அதன் தயவில் தேறிவிடும். கலப்பில்லாத மண்ணுக்கென்றே 13ஏயில் தனித் தரம் உண்டு.

கோலாலம்பூரில் அடியில் சுண்ணாம்புப் பாறை; போதாக்குறைக்குக் கான்கிரீட்டும் சேற்றைத் தொடும். கால்சியம் ஏறினால் எந்தச் சோடியம் மண்ணும் திரிந்து, நீரைக் கசியவிடும். அதனால் சைட் தண்ணீரிலேயே ஒருமுறை கலக்கிப் பார்க்காமல் லோரிக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

பினாங்கில் கடலை நிரப்பிய நிலமென்றால் கதையே வேறு. உப்பு நீரில் பென்டோனைட் விரியாது. ஊசி வடிவத் துகள்கள் கொண்ட அட்டபுல்கைட் என்ற வேறொரு களிமண் அங்கே கெட்டித்தன்மை தரும், ஆனால் கசிவைத் தடுக்காது. அதற்கு ஸ்டார்ச் போன்ற ஒன்றைத் தனியாகச் சேர்க்கவேண்டும்.