ஓடிபி தராத அம்மாவும் நான்காவது வரிசை சீட்டும்

ஜெர்மனியின் டார்ட்மண்டிலிருந்து கிளம்பி, இரண்டரை வருஷம் கழித்து மூன்று வாரம் சென்னை பெரம்பூரில் இருந்துவிட்டு வந்தேன். விமானம், ஆதார் திருத்தம், பல் டாக்டர் எல்லாம் ஒழுங்காக முடிந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கால்பந்து டிக்கெட்டைப் பற்றித்தான் புலம்ப வேண்டியிருக்கிறது.

நம்ம ஊர் கிளப் 'சென்னையின் எஃப்சி' ஆட்டம், நேரு ஸ்டேடியம், ராத்திரி ஏழரைக்கு என்றான் தம்பி, அதாவது சித்தி மகன். 1993-இல் அங்கே நேரு கோப்பைக் கால்பந்து நடந்தபோது அப்பா என்னைக் கூட்டிப்போயிருக்கிறார். அப்போதெல்லாம் ஜன்னலுக்குள் காசோடு கையை விட்டால் ஒரு மெல்லிசுக் காகிதத்தைத் திணிப்பார்கள். கேட்டில் கிழிக்கிறவர் கைக்குப் போவதற்குள் வியர்வையில் அது தானாகவே பாதி கிழிந்திருக்கும்.

இப்போது ஆப். அந்த ஆப்புக்கு +91 தவிர உலகத்தில் வேறு எண் இருப்பது தெரியாது. என் ஜெர்மன் நம்பரும் வேண்டாம், ஜெர்மன் கார்டும் வேண்டாம். தம்பி தன் நம்பரில் நண்பர்களுக்கு ஏற்கெனவே எடுத்துவிட்டதால் அதற்கு மேல் எடுக்க வழியில்லை. கடைசியில் அம்மாவின் நம்பர், தம்பியின் ஜிபே. மைதானப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, நடுக்கோட்டுக்கு நேராக, கீழிருந்து நான்காவது வரிசையில் இரண்டு சீட். இரண்டுக்கும் சேர்த்து ஒரு பிரியாணிச் செலவுதான். டார்ட்மண்டில் இப்படி ஒரு இடம் என் கனவில்கூட வராது.

ஏழு மணிக்கு வாசலில் நிற்கிறேன். தம்பி பைக் நிறுத்தப் போய்விட்டான். போனில் இருக்கும் டிக்கெட் செல்லாதாம், ஜன்னலில் காட்டிக் காகிதமாக மாற்ற வேண்டுமாம். சரி என்று வரிசையில் நின்று போய்ச் சேர்ந்தால், "ஓடிபி சொல்லுங்க சார்" என்கிறார் உள்ளே இருக்கும் பையன். ஓடிபி பெரம்பூரில், டிவி மேல் இருக்கும் அம்மாவின் போனுக்குப் போய்விட்டது. அந்தக் கூட்டத்தில் என் ரோமிங் செத்துக் கிடந்தது. பின்னால் நின்ற வியாசர்பாடிப் பையன் தன் போனைக் கொடுத்தான்.

"அம்மா, போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு, சொல்லு."

"யாரு?"

"நான்தாம்மா."

"யாருக்கும் சொல்லாதீங்கன்னு அதுலயே போட்டிருக்கானே."

"டிக்கெட்டுக்கும்மா. உன் பிள்ளை பேசறேன்."

"இப்பல்லாம் பிள்ளை குரல்லயே பேசித்தான் ஏமாத்தறாங்களாம். நம்பரும் புதுசா இருக்கு."

போனை ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு. வரிசை முழுக்கச் சிரிக்கிறது. போன முறை ஊருக்கு வந்தபோது, யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதே என்று அம்மாவுக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தது நான்தான்.

"சரி, நம்ம வீட்டு நாய் பேர் என்ன?"

"நம்ம வீட்டுல ஏதும்மா நாய்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ம், எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். அதற்குள் அது காலாவதி. "மறுபடி அனுப்பறேன் சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

ஓரத்தில் நின்ற இருபது நிமிஷத்தில்தான், சீசன் ஆட்டங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே தடவையாக எடுக்கும் சீசன் டிக்கெட்டைப் பற்றிச் சண்டை ஆரம்பித்தது. வியாசர்பாடிக்காரன் கட்சி: சீசன் டிக்கெட் எடுப்பது வீண். பாதி ஆட்டம் வார நாளில் வருகிறது, ஷிப்ட் முடிந்து வர முடியாது, வேண்டியதை மட்டும் எடுப்பதே லாபம். கால்பந்து வீரர்கள் தனபால் கணேஷும் நந்தகுமாரும் அவன் பேட்டையிலிருந்து வந்தவர்கள், ஆகவே அவன் பேச்சுக்கு அங்கே கொஞ்சம் மரியாதை. நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க ஊர்ல" என்று வாயைத் திறந்தேன். இங்கிலாந்தில் அர்செனல் கிளப்பின் மலிவான சீசன் டிக்கெட்டே ஆயிரம் பவுண்டுக்கு மேல். லிவர்பூலில் 2016-இல் 77 பவுண்டு டிக்கெட் என்று அறிவித்ததும் ரசிகர்கள் 77-ஆவது நிமிஷத்தில் எழுந்து வெளியே போனார்கள், நிர்வாகம் பின்வாங்கியது. 2010-இல் எதிரி கிளப் ஷால்கவின் மைதானத்தில் நடந்த ஆட்டத்துக்கு நின்று பார்க்கும் டிக்கெட்டே 20 யூரோவைத் தாண்டியதால் எங்கள் டார்ட்மண்ட் ஆட்கள் புறக்கணித்தார்கள். டார்ட்மண்டில் இன்றைக்கும் சீசன் டிக்கெட்டில் நின்று பார்த்தால் ஆட்டத்துக்கு 15 யூரோ அளவில்தான் ஆகும்.

"பதினஞ்சு யூரோன்னா ஆயிரத்து சொச்சமாச்சே. நின்னுகிட்டா?"

"நின்னுகிட்டுதான்."

"உட்கார சீட் தர மாட்டாங்களாண்ணா?"

பதில் சொல்வதற்குள் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார்கள். இந்த முறை அம்மா உடனே சொல்லிவிட்டாள். உள்ளே பெரிய இரைச்சல். ஆட்டம் தொடங்கிவிட்டது.

நான்காவது வரிசையில் என் சீட்டில் ஒரு குடும்பம். தாத்தா, பேத்தி, முறுக்குப் பை. சீட் நம்பரைக் காட்டினேன். தாத்தா அதை நிதானமாகப் படித்துவிட்டு, "நல்ல இடம்தான் தம்பி, பக்கத்துல எங்கயாவது உட்காருங்களேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் ஜெர்மனியில் குடியுரிமையே கொடுத்துவிடுவார்கள். நம்பர் போட்டு வாங்கிய சீட்!

தம்பி கையைப் பிடித்து மேலே இழுத்துப்போனான். "கீழ உட்கார்ந்தா ஒண்ணும் தெரியாதுண்ணா, மேல வா." உண்மைதான். அது தடகளத்துக்கும் சேர்த்துக் கட்டிய மைதானம். சீட்டுக்கும் புல்லுக்கும் நடுவில் ஓடுதளம் கிடக்கிறது. கீழ்வரிசையில் உட்கார்ந்தால் விளம்பரப் பலகைக்கு மேலே தலைகள் ஓடுவதுதான் தெரியும். பந்து இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேலே போனால் நான்கு பின்கள ஆட்டக்காரர்கள் ஒரே கோட்டில் நகர்வதும், ஓரத்தில், விங்கில், திறக்கும் இடமும் கேரம் போர்டு மாதிரித் தெரிகிறது. பி ஸ்டாண்ட் ரசிகர் கூட்டத்துப் பையன்கள் மேளம் அடிக்கிறார்கள், அதுவும் காதைக் கிழிக்காமல் அளவாக வந்து சேர்கிறது. காற்றும் வருகிறது, சென்னையில் அதுவே தனிக் கட்டணத்துக்கு உரியது. ஆப்பில் இந்த வரிசைகள் எல்லாவற்றையும்விட மலிவு.

இடைவேளையில் தம்பி கேட்டான்: "அங்க உன் சீட் எதுண்ணா?"

டார்ட்மண்டில் எனக்குச் சீட் கிடையாது. 81,000 பேர் கொள்ளும் மைதானத்தில், தெற்கு ஸ்டாண்டில் நிற்கும் 24,000 சொச்சம் பேரில் ஒருவன் நான். அங்கே நம்பரும் இல்லை. சீக்கிரம் போய் நிற்கிற இடம்தான் நம் இடம். எட்டு வருஷமாக என் பக்கத்தில் நிற்கும் கிழவர், யாராவது புது ஆள் டிக்கெட்டைக் காட்டி வழி கேட்டால், அந்தத் தாத்தா சொன்ன அதே பதிலைத்தான் ஜெர்மனில் சொல்வார். இதை நான் தம்பியிடம் சொல்லவில்லை. கடலை வாங்கிவரச் சொன்னேன்.

ஆப்பில் நம்பரை மாற்றாமலே கிளம்பி வந்துவிட்டேன். மாற்றுவதற்கும் ஓடிபி வேண்டும். அதனால் இப்போதெல்லாம் அங்கே ஆட்டம் இருக்கும் நாட்களில், நான் டார்ட்மண்டில் வேலையில் இருக்கும்போது, அம்மா கூப்பிடுகிறாள்.

"இன்னைக்கு ஏழரைக்கு மேட்சாம்டா. மெசேஜ் வந்திருக்கு. போறியா?"