சனிக்கிழமை ஓவிய வகுப்பு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு
எங்கள் தெருவில் நடைபெறும் ஓவிய வகுப்பில், மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளை 6 மாதங்களுக்கு முன்பு சேர்த்தேன். ஆசிரியை 12 வண்ணப் பெட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு, சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றை மட்டும் கொடுத்து, மற்றவற்றைக் குழந்தைகளே கலந்து கண்டுபிடிக்கச் செய்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு நாள் வகுப்பில் மகள் வெள்ளை மெழுகுக் கிரேயானால் தாளில் கண்ணுக்குத் தெரியாதபடி மீன் வரைந்து, அதன்மேல் நீர்வண்ணம் பூசியதும், மெழுகு நீரை ஒட்டவிடாததால் மீன் வெண்மையாக வெளிப்பட்டதாம். அன்று மாலையே அதை வீட்டில் நான்கு முறை செய்துகாட்டினாள் (தரையைத் துடைத்தது நான்தான்). ஆனால், அங்கே தரப்படும் மெல்லிய தாள் ஈரம் பட்டவுடன் நெளிந்துவிடுவதால், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த தாளை நாங்களே வாங்கி அனுப்புகிறோம். பெற்றோருக்குக் காட்டுவதற்காக ஆசிரியையே கோடுகளைத் திருத்திவிடும் வழக்கத்தைக் கைவிட்டால், அடுத்த ஆண்டும் தயங்காமல் அனுப்புவேன்.