களத்திலிருந்து தொடங்கும் ஒரு கொள்கை அமுலாக்கப் பயிற்சிநெறி

அரச உத்தியோகத்தர்களுக்காகவும் தொண்டு நிறுவனப் பணியாளர்களுக்காகவும் மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் நிலையம் வார இறுதிகளில் நடத்தும் பொதுக்கொள்கை அமுலாக்கப் பயிற்சிநெறியை அண்மையில் நிறைவுசெய்தேன். கட்டணத்துக்குப் பெறுமதியானது என்பதே என் மதிப்பீடு. எனினும், அலுவலகத் தலைமையின் ஆதரவின்றித் தனியே சென்று கற்பவருக்கு அதில் பாதிப் பயனே கிட்டும்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய மற் அன்ட்ரூஸ், லான்ற் பிரிட்செற், மைக்கல் வூல்கொக் ஆகியோர் முன்வைத்த அணுகுமுறையே இப்பயிற்சியின் அடித்தளம். பிற நாட்டில் வெற்றிபெற்ற திட்டத்தை அப்படியே கொண்டுவராமல், உள்ளூர்ப் பிரச்சினையைக் கூறுகளாகப் பிரித்து, சிறு முயற்சிகளைச் செய்துபார்த்து, கிடைத்த அனுபவத்தைக் கொண்டு அடுத்த அடியைத் திருத்துவதே அதன் சாரம். எங்கள் குழு, வறிய குடும்பங்களுக்கு அரசு நலன்புரிக் கொடுப்பனவு வழங்கும் அஸ்வெசும திட்டத்தை எடுத்துக்கொண்டது. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அத்திட்டம் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களை மதிப்பிட்டு, பிரிவுகளாக வகுத்து, கொடுப்பனவை வங்கிக் கணக்கில் இடுகிறது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் உட்கிராமங்களில் தகுதியுள்ள சில குடும்பங்கள் மேன்முறையீடுகூடச் செய்யாதது ஏன் என்பதே எங்கள் கேள்வி.

"விழிப்புணர்வு இல்லை" என்று முதலில் எழுதிக் கொடுத்தோம். பயிற்றுநர் அதை ஏற்கவில்லை. நாங்கள் எழுதியது பிரச்சினை அன்று, விழிப்புணர்வூட்டல் என்று மனத்தில் முன்பே வைத்திருந்த தீர்வு அங்கே இல்லை என்பது மட்டுமே என்று விளக்கி, எங்களைக் கிராமத்துக்குத் திருப்பி அனுப்பினார். அங்கே பெயரும் முகவரியும் பொருந்தாத ஆவணங்கள், கணவர் காணாமலாக்கப்பட்டதால் எந்தச் சான்றிதழைக் காட்டுவதென்று அறியாத பெண்கள், ஒருநாள் கூலியை இழந்து பிரதேச செயலகம் செல்ல இயலாத வயல் தொழிலாளர் எனக் காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. அவற்றை, ஒரு பிரச்சினையின் காரணங்களைக் கிளைகளாகக் காட்டும் மீன்முள் வரைபடத்தில் இட்டபோது, துண்டுப்பிரசுரம் அடிப்பதால் இவற்றுள் ஒன்றுகூடத் தீராது என்பது தெளிவாகியது. இந்த ஒரு அமர்வுக்காகவே பயிற்சியில் சேரலாம்.

ஒரு திருத்தம் நிலைபெற ஏற்பு, அதிகாரம், திறன் ஆகிய மூன்றும் கூடவேண்டும் என்று கற்பித்தார்கள். அதிகாரம் பற்றிய பகுதிதான் மிகச் சுருக்கமாக முடிந்தது. மாலை வேளையில் கிராமத்திலேயே ஆவணங்களைச் சரிசெய்யும் நடமாடும் சேவையை நாங்கள் பரிந்துரைத்தோம். ஆனால் வாகனத்துக்கும் எரிபொருளுக்கும் மேலதிக நேரக் கொடுப்பனவுக்கும் அனுமதி வழங்கக்கூடிய எவரும் வகுப்பில் இருக்கவில்லை. இறுதி அமர்வுக்காவது அலுவலகத் தலைவர்களை அழைத்திருக்க வேண்டும். அத்துடன், மாகாண சபைகளை உருவாக்கிய 1987 இன் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின்னர் மாகாணத் திணைக்களமும் மத்திய அமைச்சும் ஒரே கிராமத்தில் பணியாற்றும்போது பொறுப்பு யாரிடம் என்ற, எங்களை நாளாந்தம் வருத்தும் கேள்வியைப் பாடத்திட்டம் தொடவே இல்லை. பாடங்களில் வந்த ஆபிரிக்க உதாரணங்களில் ஒன்றிரண்டைக் குறைத்து இதற்கு இடமளித்திருக்கலாம்.

தமிழ்க் கையேடு தெளிவாக உள்ளது; மண்டப வசதிகளிலும் குறையில்லை. சேர விரும்புவோர் ஒரே அலுவலகத்திலிருந்து இருவராகவோ மூவராகவோ செல்வது நன்று. தாம் ஆராயப்போகும் பிரச்சினையை முன்கூட்டியே மேலதிகாரியிடம் எழுத்தில் தெரிவித்து, சிறு பரீட்சார்த்த முயற்சி ஒன்றுக்கு அவருடைய இணக்கத்தையும் பெற்றுக்கொண்டால், களவேலை வகுப்பறை அறிக்கையோடு நின்றுவிடாது.