கம்பைலர் கட்டளை: மூன்று மொழி, மூன்று கையேடு

புதுச்சேரி நேரு வீதியில் சில துணிக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருளைப் பராமரிப்பது என் பிழைப்பு. அது ஃப்ரீ பாஸ்கலில் எழுதியது. இணையப் பகுதியைப் பின்னால் கோ மொழியில் சேர்த்தோம். வரிக் கணக்கை மட்டும் இப்போது ரஸ்டில் எழுதிப் பார்க்கிறோம். நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்தான் கம்பைலர். நிரலுக்கு நடுவே அதற்கென்று எழுதும் கட்டளைகளை இம்மூன்றின் கையேடுகளும் எப்படி விளக்குகின்றன என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் சொல்கிறேன்.

முதலில் பாஸ்கல். நெளி அடைப்புக்குள் டாலர் குறியிட்டு ஓர் எழுத்தோ சொல்லோ எழுதினால் அது கட்டளை. கையேடு இவற்றை எந்த இடத்திலும் மாற்றக்கூடியவை, நிரல் முழுவதற்கும் பொருந்துபவை என்று இரண்டாகப் பிரிக்கிறது. கட்டளை எதுவரை செல்லும் என்ற கேள்விக்கு அந்தப் பிரிவே பதில் சொல்லிவிடுகிறது. ஆனால் உள்ளே அகரவரிசை. பெயர் தெரிந்தவருக்கு அது அகராதி, தெரியாதவருக்குக் காடு.

கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் எங்கள் புதுப் பையன் அந்தக் காட்டில்தான் சிக்கினான். சரக்குப் பட்டியலில் இல்லாத இடத்தில் மதிப்பு எழுதப்பட்டு, கணக்கு எங்கோ கெட்டுக்கொண்டிருந்தது. "ஆர் கட்டளையைப் போட்டுப் பார்" என்றேன். "அதுதான் எல்லாக் கோப்பிலும் இருக்கிறதே அண்ணா" என்றான். இருந்தது உண்மைதான். ஆனால் அது திரைப் படிவத்தை இணைக்கும் ஆர். ஆருக்குப் பின்னால் கூட்டல் குறி வந்தால்தான் எல்லைச் சோதனை தொடங்கும், மீறினால் 201 என்ற பிழை எண்ணோடு நிரல் நிற்கும். எழுதாவிட்டால் சோதனையே கிடையாது. கடலூருக்குத் திருப்பாதிரிப்புலியூர், துறைமுகம் சந்திப்பு என இரண்டு ரயில் நிலையங்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஓர் எழுத்துக்கு இரண்டு வேலை என்பதை யார் அவனுக்குச் சொன்னார்கள்?

கோ மொழியின் சிக்கல் வேறு. விளக்கங்கள் தெளிவானவை, ஆனால் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு செயற்கூறின் நிரலை அழைக்கும் இடத்திலேயே விரித்துப் போடாதே என்று சொல்லும் நோஇன்லைன் போன்றவை கம்பைலரின் பக்கத்தில், கோப்பை நிரலுக்குள் பதிக்கும் எம்பெட் அதன் சொந்தத் தொகுப்பின் பக்கத்தில், எந்தக் கோப்பை எப்போது சேர்ப்பது என்று சொல்லும் பில்ட் நிபந்தனைகள் இன்னோரிடத்தில். எம்பெட் வந்தது 2021 பிப்ரவரியில், 1.16 பதிப்பில். அதை நான் முதலில் எழுதியபோது இரண்டு சாய்கோடுகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டுவிட்டேன். அழகாக இருக்கட்டும் என்றுதான்! இடைவெளி விழுந்ததும் அது கம்பைலர் கண்டுகொள்ளாத வெறும் கமெண்ட் ஆகிவிடுகிறது. பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. முகப்புப் பக்கம் வெள்ளையாக வந்தது. கடைக்காரர் அலைபேசியில் கத்தினார். அரைநாள் போயிற்று. இடைவெளி கூடாது என்பதைக் கையேட்டின் முதல் வரியில், தடித்த எழுத்தில் அல்லவா போட்டிருக்க வேண்டும்?

சி மொழிக் குடும்பத்தையும் எட்டிப் பார்த்தேன். அங்கே இத்தகைய கட்டளைக்குப் பெயர் பிராக்மா. ஜிசிசி என்ற சி கம்பைலரின் கையேட்டில் பிராக்மாக்களுக்கான பகுதியில் டார்வின், சோலாரிஸ் என்று அவை பிறந்த இயங்குதளங்களின் பெயரில் சில தலைப்புகள் இருக்கின்றன. சரித்திரமாகப் படிக்கலாம். (ஒரு காலத்தில் ஜிசிசி 1.17, பிராக்மாவைக் கண்டதும் நெட்ஹேக் விளையாட்டைத் தொடங்கப் பார்க்குமாம். அந்த நக்கலுக்காகவே அதை மன்னிக்கலாம்.)

ரஸ்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோதனை, எச்சரிக்கை, நிரல் உருவாக்கம் என்று பயன்பாட்டின்படி வகுத்த பட்டியல் ஒரே இடத்தில் இருக்கிறது. செயற்கூறை அழைக்கும் இடத்திலேயே விரிக்கச் சொல்லும் இன்லைனை எப்படி எழுதினாலும் பரிந்துரைதான், கட்டாயமில்லை என்றும், தவறான இடத்தில் போட்டால் வேகம் குறையலாம் என்றும் ஒளிக்காமல் சொல்கிறது. பெயரைத் தப்பாக எழுதினால் கம்பைலரே நிறுத்தி, இதைத்தானே சொல்ல வந்தீர்கள் என்று கேட்கிறது. கையேட்டின் பாதி வேலையைக் கம்பைலர் எடுத்துக்கொள்கிறது.

என் ஓட்டு ரஸ்டுக்கே. ஆனால் கடைகளின் நிரல் பாஸ்கலில்தான் ஓடுகிறது, நாளைக்கே மாற்ற முடியாது. ஆகவே நாங்கள் பயன்படுத்தும் கட்டளைகளுக்கு மட்டும் தமிழில் ஓர் அட்டை தயாரித்தோம். எங்கே எழுதுவது, எதுவரை செல்லும், எழுதாவிட்டால் என்ன, தவறாக எழுதினால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு வரிகள். ஆர் கட்டளைக்கு மட்டும் பையன் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறான்: "எந்த ஸ்டேஷன் என்று பார்த்து இறங்கவும்."