சோதனை முழுமை, அறிக்கை பாதி: வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் ஆய்வகத்தின் சர்க்கரைத் தொகுப்பு

அம்மாவுக்கு இரண்டாம் வகை நீரிழிவு என்று உறுதியாகி மூன்று மாதம் கழித்து, மருத்துவர் சொன்ன மறுபரிசோதனைக்காகத் திருச்சியில் பல கிளைகளுடன் இயங்கும் ஓர் ஆய்வகத்தின் 'டயாபடிக் பேக்கேஜ்' எடுத்துக்கொண்டோம். குறைகளும் சொல்லவிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துச்சென்று, அன்று மாலையே வாட்ஸ்அப்பில் அறிக்கை அனுப்பிவிடும் இத்தகைய தொகுப்புகள் இப்போது பல ஊர்களில் கிடைக்கின்றன.

ரத்தம் எடுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் வந்த இளைஞர், "அம்மா, காபி எதுவும் குடிக்கலையே? தண்ணி குடிச்சிருந்தா பரவாயில்ல" என்று கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே ஊசியை எடுத்தார். சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடியிட்ட குழாய், எச்பிஏ1சிக்கு (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் போக்கைச் சதவீதத்தில் காட்டும் சோதனை) ஊதா நிற மூடியிட்ட குழாய் என்று பிரித்து எடுத்து, பெயரையும் நேரத்தையும் எங்கள் கண்முன்னே எழுதி ஒட்டி, குளிர்ப்பெட்டியில் வைத்தார். சாதாரணக் குழாயில் அணுக்களைப் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அந்த அணுக்களே சர்க்கரையைச் செலவழித்துவிடுவதால், அளவு மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம் வரை இறங்கும். சாம்பல் மூடிக் குழாயில் உள்ள சோடியம் ஃபுளோரைடு அந்தச் செலவைக் கட்டுப்படுத்துகிறது. வீடு வீடாகச் சுற்றிவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்பும் ஒருவரிடம் ரத்தத்தை ஒப்படைக்கும்போது இதைக் கவனிக்க வேண்டியது அவசியம். சாப்பிட்ட பின் எடுக்கும் சோதனைக்கும் அவர் தெளிவாக வழி சொன்னார்: "முதல் வாய் இட்லி எடுக்கும்போதே மணியப் பாத்துக்குங்கம்மா, அதுலேர்ந்து ரெண்டு மணி நேரம். மாத்திரைய வழக்கம்போலப் போட்டுக்குங்க." சொன்ன நேரத்தில் மறுபடியும் வந்தார், அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை.

சிக்கல் அறிக்கை வந்தபோதுதான் தொடங்கியது. வெறும் வயிற்றில் 124, சாப்பிட்ட பின் 172, எச்பிஏ1சி 7.1 என்று இருந்த மூன்று எண்களும் சிவப்பில் அச்சாகி, ஒவ்வொன்றின் அருகிலும் அதிகம் என்பதைக் குறிக்கும் 'எச்' என்ற எழுத்து நின்றது. எதிரே இருந்த கட்டத்தில் இயல்பு அளவாக முறையே 70 முதல் 100 வரை, 140க்குக் கீழ், 5.7க்குக் கீழ் என்று போட்டிருந்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு அன்று இரவு உணவையே வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

அந்தக் கட்டத்தில் உள்ளவை நீரிழிவு இல்லாதவர்களுக்கான அளவுகள். ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்று கண்டறிய அவை பயன்படும். நோய் உறுதியாகி மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர் தம் எண்ணை ஒப்பிட வேண்டியது சிகிச்சை இலக்குகளோடு. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் கர்ப்பிணிகள் அல்லாத பெரியவர்களில் பெரும்பாலோருக்குப் பொதுவாகச் சொல்லும் இலக்குகள், வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை, சாப்பிட்ட பின் 180க்குக் கீழ், எச்பிஏ1சி 7க்குக் கீழ். வயது, வேறு நோய்கள், சர்க்கரை தாழ்ந்துபோகும் அபாயம் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் இதைக் கூட்டியோ குறைத்தோ வைப்பார். இந்தக் கணக்கில் அம்மாவின் முதல் இரண்டு எண்களும் இலக்குக்குள்ளேயே இருந்தன. மூன்றாவது, இலக்கை ஒட்டி நின்றது. நோய் கண்டறிந்தபோது இதே ஆய்வகத்தில் எடுத்த எச்பிஏ1சி 8.6. அந்தப் பழைய எண்ணைப் பக்கத்தில் போட்டிருந்தால் மூன்று மாதத்தில் கிடைத்த முன்னேற்றம் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். கைப்பேசி எண்ணைச் சொன்னதும் பழைய முகவரியை எடுத்துக் காட்டும் கணினிக்குப் பழைய முடிவை எடுத்துக் காட்டத் தெரியாதா என்ன?

எச்பிஏ1சிக்குக் கீழே 'சராசரி ரத்தச் சர்க்கரை 157' என்று இன்னொரு வரி இருந்தது. இது தனிச் சோதனை அன்று, எச்பிஏ1சியை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தால் கிடைக்கும் கணக்கு. தொகுப்பில் இத்தனை சோதனைகள் என்று விளம்பரப்படுத்தும் எண்ணிக்கையில் இதையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

இதைவிடப் பெரிய குறை நான்காம் பக்கத்தில் இருந்தது. அதே தொகுப்பில் அடங்கிய ரத்த அணுக்கள் சோதனையில் அம்மாவின் ஹீமோகுளோபின் 9.8 என்று குறைவாக வந்திருந்தது. எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கும் விகிதம். அந்த அணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால்தான் அது இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுகிறது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாக வரக்கூடும். மாறாக, அணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களிலும் அண்மையில் ரத்த இழப்பு ஏற்பட்டவர்களிடமும் குறைவாக வரக்கூடும். நம் வீட்டுப் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்பது ஆய்வகத்துக்குத் தெரியாததன்று. ஆனால் இரண்டு எண்களையும் ஒரே கோப்பில் வைத்திருந்தும், அவற்றைச் சேர்த்துப் பார்க்கும்படி ஒரு வரிக்குறிப்புகூட இல்லை. எல்லா நோயாளிகளுக்கும் பொதுவான ஆங்கிலக் குறிப்பு ஒன்று பொடி எழுத்தில் கிடந்தது. அறிக்கையைப் பார்த்ததும் மருத்துவர் முதலில் விரல் வைத்த இடம் அந்த 9.8தான். இரும்புச்சத்துக்கான சோதனையை எழுதிக்கொடுத்து, அதுவரை எச்பிஏ1சியை மட்டும் நம்பாமல் வீட்டில் குளுக்கோமீட்டரிலும் பார்த்துக் குறித்துவரச் சொன்னார். (வீட்டுக் கருவி ஆய்வக எண்ணிலிருந்து 15 சதவீதம் வரை விலகுவதைப் பன்னாட்டுத் தர விதிகளே ஏற்றுக்கொள்கின்றன, அங்கே 124, இங்கே 135 என்று வந்தால் கருவி கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.)

தொகுப்பில் என்னென்னவோ இருந்தும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் இல்லை. இரண்டாம் வகை நீரிழிவு உறுதியானதும் ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் பார்க்க வேண்டிய சோதனை இது; சிறுநீரகப் பாதிப்பை, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறுவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். இதை விட்டுவிட்டு வைட்டமின் டியைச் சேர்த்திருப்பது எந்த நியாயம் என்று புரியவில்லை. இலவச ஆலோசனை என்று வந்த தொலைபேசி அழைப்பிலும் இதைக் கேட்டேன். பேசியவர் அடுத்த விலையில் உள்ள பெரிய தொகுப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

அடுத்த எச்பிஏ1சிக்கும் இதே ஆய்வகத்துக்குத்தான் போவோம். மாதிரி எடுப்பதில் கவனமாக இருக்கிறார்கள், எச்பிஏ1சியை எச்பிஎல்சி என்ற நம்பகமான ஆய்வக முறையில் பார்க்கிறார்கள், முந்தைய எண்களோடு ஒப்பிட ஒரே இடம், ஒரே முறை என்பது வசதி. ஆனால் தொகுப்பாக வாங்கப்போவதில்லை. மருத்துவர் எழுதிய சோதனைகளை மட்டும் சிறுநீர் விகிதத்தோடு சேர்த்துத் தனித்தனியாகக் கேட்போம். அறிக்கை வந்ததும், மருத்துவர் அம்மாவுக்கு வகுத்துக்கொடுத்த இலக்குகளைத் தமிழில் பக்கத்தில் எழுதித்தான் அவரிடம் கொடுப்பேன்.