பூசிய ஹெடரா, பூசாத ஹெடரா? ஒரு பழைய சிட்டியை வைத்து ஓர் அலசல்

2000 வாக்கில் வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக், 106 குதிரைத்திறன் கொண்ட கார். இன்றும் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ பழைய கார்கள் கூடும் நாளில் ஒன்றிரண்டாவது கண்ணில் படும். இந்தக் காரை வாங்கியவர் கை முதலில் போகும் இடம் எக்ஸாஸ்ட், அதாவது இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்கள்தான். சிலிண்டர்களின் புகையை வாங்கும் கம்பெனி மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகச் சேரும் 4-2-1 ஹெடர் ஒன்றை வளைத்து வெல்டிங் வைத்து மாட்டுவார். (தெருவில் ஓடும் காரில் கம்பெனி அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தராது. நான் பேசுவது டிராக்குக்கு மட்டும் போகும் காரைப் பற்றி.) ஹெடர் கையில் வந்ததும் அடுத்த கேள்வி: அப்படியே மாட்டலாமா, செராமிக் கோட்டிங் (பூச்சு) போட்டு மாட்டலாமா?

கோட்டிங் போட்டால் பவர் ஏறும் என்பார்கள். காரணமும் சொல்வார்கள்: புகை சூடாகவே இருந்தால் வேகமாக ஓடும், சிலிண்டரில் மிச்சமிருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். தத்துவம் சரிதான். ஆனால் ஒரே காரை பவரை அளக்கும் ஒரே டைனோவில் அடுத்தடுத்து மூன்று முறை ஓட்டினாலே ஒன்றிரண்டு குதிரைத்திறன் முன்பின் வரும். 1.5 லிட்டர் இன்ஜினில் கோட்டிங் தருவது அந்த ஆட்டத்துக்குள்ளேயே காணாமல் போய்விடும். பவருக்காகத்தான் யோசிக்கிறீர்கள் என்றால் அந்தக் காசைக் குழாயின் நீளத்துக்கும் குழாய்கள் ஒன்றுசேரும் கலெக்டரின் வடிவத்துக்கும் செலவு செய்யுங்கள்.

கோட்டிங்கின் உண்மையான வேலை என்ன? இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். செராமிக் என்றதும் அடுப்பைச் சுற்றிய செங்கல் மாதிரி வெப்பத்தைத் தடுக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாதாரண ஹெடர் பூச்சு 25 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லியது. அவ்வளவு மெல்லிய படலம், எந்தப் பொருளாக இருந்தாலும், தன் தடிமனால் வெப்பத்தைத் தடுக்க வழியே இல்லை. தடுப்பது அதன் மேற்பரப்பு. சூடான இரும்பு தன் வெப்பத்தில் பெரும்பங்கைக் கதிராக வீசுகிறது. துருப்பிடித்த பழுப்பு இரும்பு அதில் கெட்டிக்காரன். 600 டிகிரி செல்சியஸில் அப்படிப்பட்ட பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோவாட்டுக்கு மேல் வீசும். அலுமினியம் கலந்த வெள்ளி நிறப் பூச்சு, பளபளப்பாக இருக்கும்வரை, ஏறக்குறைய அதில் பாதியைத்தான் வீசும். அழகாக இருக்கிறது என்று கறுப்பு செராமிக் கேட்பவர்கள் இந்த லாபத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

இந்தக் காரில் அந்த லாபம் கொஞ்சம் பெரிது. இதிலுள்ள டி வரிசை இன்ஜினில் எக்ஸாஸ்ட் முன்பக்கம், ரேடியேட்டருக்கு நேர் பின்னால். ஹெடர் வீசும் சூடு ரேடியேட்டர் மின்விசிறி மேலும் ஹோஸ் மேலும் விழுகிறது. வண்டி ஓடும்போது அதே சூட்டைக் காற்று பின்னால் தள்ளி, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எக்ஸாஸ்ட் பின்பக்கம் இருக்கும் அடுத்த தலைமுறை சிட்டியில் இந்தத் தொல்லையின் கணக்கே வேறு.

இன்னொரு ஏமாற்று வித்தையையும் சொல்லிவிடுகிறேன். இன்ஃப்ராரெட் துப்பாக்கியை நீட்டி, ‘பூசாதது 400 டிகிரி, பூசியது 250 டிகிரி’ என்று காட்டும் வீடியோக்கள் நிறைய உண்டு. அந்தத் துப்பாக்கி அளப்பது கதிரைத்தான். பளபளப்பான பரப்பு குறைவாகக் கதிர் வீசும் என்பதால், அதே சூட்டில் இருந்தாலும் துப்பாக்கி குறைத்தே காட்டும். குழாய் ஆறிப்போய்விடவில்லை. சொல்லப்போனால் பூச்சுக்கு அடியில் உலோகம் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில்தான் இருக்கும், வெளியே போக வேண்டிய வெப்பம் உள்ளேயே தங்குவதால்.

சரி, துருவுக்கு வருவோம். என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். ஹெடர் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு) குழாயில் செய்ததா, 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்ததா என்று தெரியாமல் கோட்டிங் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

எம்.எஸ். என்றால் பூசாமல் மாட்டவே மாட்டாதீர்கள். மாட்டிய முதல் வாரத்திலேயே கருநீலமாகி, அப்புறம் செம்மண் நிறமாகும். கோயம்புத்தூரில் கொஞ்ச காலம் தாங்கும். சென்னையில் கடற்கரைப் பக்கம் நிறுத்தும் கார் என்றால் உப்புக்காற்று சீக்கிரம் வேலையைக் காட்டும். வெளியே தெரியும் துருவை விட உள்ளே பிடிப்பதுதான் மோசம். இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் புகையிலுள்ள நீராவி குழாய்க்குள்ளேயே தண்ணீராகத் தங்கிவிடும். அதனால் உள்ளும் புறமும் பூசுகிற இடமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். எம்.எஸ்., பூச்சு இரண்டும் சேர்ந்த செலவு பல நேரம் வெறும் 304 ஹெடர் செலவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது என்பதும் உண்மை.

304 தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். முதலில் தங்க நிறம், அப்புறம் ஊதா, நீலம் என்று மாறும். அந்த நிறத்துக்காகவே பூசாமல் விடுபவர்கள் உண்டு, நானும் குறை சொல்லமாட்டேன். ஆனால் நிறம் மாறிய ஸ்டெயின்லெஸ் புதிதாக இருந்ததைப் போலச் சூட்டை அடக்கிவைக்காது, கூடுதலாகக் கதிர் வீச ஆரம்பிக்கும். அதைவிட முக்கியம், 304 சூட்டில் அதிகம் நீளும். 600 டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் குழாய் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும், எம்.எஸ். எட்டு மில்லிமீட்டர் அளவில் நிற்கும். நான்கு குழாயும் இன்ஜினோடு இறுக்கும் ஒரே ஃபிளாஞ்ச் தகட்டில் இறுகிக் கிடக்கையில் அந்த நீட்சி வெல்டிங்கைத்தான் பிடித்து இழுக்கும். மெல்லிய சுவர்க் குழாயில் பூச்சும் போட்டு உலோகத்தை இன்னும் சூடாக்கினால் விரிசலுக்கு நாமே வழிவிட்டது போல. ஆகவே 304 ஹெடருக்குப் பூச்சு அவசியமில்லை. ரேடியேட்டர் பக்கம் காற்றிடைவெளி விட்டு ஒரு தகட்டுக் கேடயம் வைத்தால், செலவு குறைவு, பலனும் கண்கூடு.

நடுவில் துணி சுற்றும் கட்சி ஒன்று உண்டு. கண்ணாடியிழைப் பட்டையை இறுக்கிச் சுற்றுவது. வெப்பத்தைத் தடுப்பதில் மெல்லிய பூச்சை அது தோற்கடித்துவிடும், தடிமன் இருக்கிறதே. ஆனால் மழையில் நனைந்த துணி ஈரத்தை இரும்போடு ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். பிரித்துப் பார்க்கும் நாளில் எம்.எஸ். குழாய் அப்பளமாக உதிரும்.

பூசுவது என்று முடிவெடுத்தால் யாரிடம் கொடுக்கிறோம் என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. என் முதல் ஹெடரை ஒரு பட்டறையில் கொடுத்தேன். ‘செராமிக்தான் சார்’ என்றார்கள், பார்க்கவும் வெள்ளிக்கிண்ணம் போல இருந்தது. இரண்டாவது டிராக் நாளில் இன்ஜினிலிருந்து புகை வெளிவரும் போர்ட் பக்கத்தில் கொப்புளம் கிளம்பி உரிந்தது. எண்ணெய்ப் பிசுக்கைச் சுட்டெடுக்காமல், மணலைப் பீய்ச்சித் தேய்க்கும் சாண்ட் பிளாஸ்டிங்கும் மேலோட்டமாகச் செய்து, ஸ்பிரே கேனில் வரும் வெப்பம் தாங்கும் பெயின்ட்டை அடித்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. பவுடர் கோட்டிங்கையே செராமிக் என்று தலையில் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். பவுடர் கோட்டிங் சுமார் 200 டிகிரியில் சுட்டெடுக்கும் பிளாஸ்டிக். ஹெடரில் அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. வெள்ளி நிற அலுமினியச் செராமிக்கே 700 டிகிரிக்கு மேல் மங்கத் தொடங்கும். போர்ட்டை ஒட்டிய இடம் அந்த எல்லையைத் தொடுவதால் எத்தனை டிகிரிக்கு உத்தரவாதம் என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலையின் வரிசையும் முக்கியம். ஹெடரை வெறுமனே மாட்டிப் பார்த்து, ஸ்டியரிங் ரேக், சம்ப், கிராஸ்மெம்பர் எதிலும் இடிக்கவில்லை என்று உறுதி செய்து, ஆக்சிஜன் சென்சார் நட்டு வரை வெல்டிங்கை முடித்த பிறகே கோட்டிங்குக்கு அனுப்ப வேண்டும். பூசிய பின் ஒரு இடத்தில் வெல்டிங் வைத்தாலும் சுற்றிலும் பூச்சு கருகிவிடும். ஃபிளாஞ்ச் முகத்தையும் சென்சார் மரையையும் மூடிவைத்துப் பூசச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கேஸ்கெட் உட்காராது, மரையைத் திரும்பவும் டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு வெட்ட வேண்டிவரும். இன்ஜினைப் புதிதாகப் பிரித்துக் கட்டியிருந்தால் ரன்-இன் (புதுப் பாகங்கள் பழகும் ஓட்டம்) முடிந்து டியூனிங் சரியாகும் வரை பழைய மேனிஃபோல்டிலேயே ஓட்டுங்கள். தீப்பொறி டைமிங் பின்தங்கியோ பெட்ரோல் குறைந்தோ ஓடும் இன்ஜின், புத்தம் புதுப் பூச்சை ஒரே நாளில் சாம்பல் நிறமாக்கிவிடும்.

இப்போது என் காரில் இருப்பது எம்.எஸ். ஹெடர், உள்ளும் வெளியும் வெள்ளிப் பூச்சு. அதற்கு முன்னால் ஒரு தகட்டுக் கேடயமும் இருக்கிறது. அடுத்த முறை செய்தால் பூசாத 304 எடுத்து, கலெக்டரில் வெல்டிங்குக்குப் பதில் ஸ்லிப் ஜாயின்ட் (ஒன்றுக்குள் ஒன்று நழுவி நீட்சிக்கு இடம் தரும் இணைப்பு) வைப்பேன், கேடயத்தை மட்டும் இதிலிருந்து கழற்றி அதில் மாட்டிக்கொள்வேன்.