பருத்தழும்புக்கு எந்த லேசர்: காபனீரொட்சைட்டா, எர்பியம் கண்ணாடியா?

ஆழமாகப் பதிந்த பருத்தழும்புக்கு லேசர் செய்துகொள்ள விரும்புபவர்களிடம் பெரும்பாலும் இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. 10,600 நனோமீற்றர் அலைநீளமுள்ள காபனீரொட்சைட்டு லேசர், தோலிலுள்ள நீரைச் சூடாக்கி மேற்படையையே ஆவியாக்குகிறது. 1,550 நனோமீற்றர் எர்பியம் கண்ணாடி லேசரோ மேற்தோலைப் பெரிதும் கலைக்காமல் உள்ளே நுண்ணிய புள்ளிகளாகச் சூட்டை இறக்கி, தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் புதிதாக உருவாகத் தூண்டுகிறது.

பலனை மட்டும் பார்த்தால் முதலாவதே மேல். ஓரிரு அமர்வுகளில் அது தரும் மாற்றத்துக்கு இரண்டாவதில் மாத இடைவெளியில் மூன்று முதல் ஐந்து அமர்வுகள் தேவைப்படலாம். ஹட்டனிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ ஒவ்வொரு முறையும் போய்வரும் பஸ் செலவையும், இழக்கும் நாட்சம்பளத்தையும் அதில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஆயினும் நம்முடைய மாநிறத் தோலில் கணக்கு மாறிவிடுகிறது. காபனீரொட்சைட்டு லேசருக்குப் பின் நீர் கசிந்து, பொருக்குத் தட்டி, முகம் ஆற ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகின்றன. சிவப்பு மாதக்கணக்கில் நிற்கலாம், பள்ளம் குறைந்த அதே இடத்தில் கருமையும் படியலாம். எர்பியம் கண்ணாடியில் சில நாள் சிவப்பும் வீக்கமும்தான். கருமை படியும் அபாயம் அதிலும் உண்டெனினும் குறைவு.

மலைநாட்டுக் குளிரை நம்பி வெயிலை அலட்சியம் செய்பவர்களே அதிகம். ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும், அந்தக் கருமையைக் கூட்டும் புறஊதாக் கதிர்வீச்சு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பனிமூட்டமும் அக்கதிரை முழுதாகத் தடுப்பதில்லை. ஆகவே நாள்முழுதும் திறந்த மலையில் கொழுந்து பறிப்பவருக்கு எர்பியம் கண்ணாடியே பொருத்தம் என்பேன். வீட்டுக்குள் இரண்டு வாரம் இருக்கவும், பின்னர் மாதக்கணக்கில் சன்ஸ்கிரீனும் தொப்பியுமாக நடமாடவும் முடிந்தவர் மட்டும், காதுக்கு முன்னால் சிறிய இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்டபின், மற்றதைப் பற்றி யோசிக்கலாம்.